தேங்காய் மட்டைக்கு ஷெட்யூலில் ஒரு வரி கொடுங்கள்

பொதுப்பணித் துறையிலும் ஊரக வளர்ச்சித் துறையிலும் எஸ்டிமேட் போடுகிற, அதில் கையெழுத்துப் போடுகிற பொறியாளர்களுக்கு,

வணக்கம். பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் நடுவில் இருபது வருஷமாகச் சின்ன வீடுகளும் செட்டுகளும் கட்டிக் கொடுத்துப் பிழைக்கிறவன் நான். இந்த மடல் ஒரே ஒரு விஷயத்துக்காக. எந்த வேலைக்கு, எந்தப் பொருளுக்கு எவ்வளவு ரேட் என்று நீங்கள் வருஷா வருஷம் வெளியிடும் ரேட் ஷெட்யூலில், கூரை வேலைகள் பகுதியில், தென்னை நார்ப் பலகைக்கு ஒரு வரி வேண்டும். கனம் இவ்வளவு, அடர்த்தி இவ்வளவு, சதுர மீட்டருக்கு ரேட் இவ்வளவு என்று ஒரு வரி. நான் கை வைத்த எந்த அரசு எஸ்டிமேட்டிலும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஷெட்யூலில் இல்லாத பொருளை உங்கள் உதவிப் பொறியாளர் எஸ்டிமேட்டில் எழுத மாட்டார், எழுதினால் ஆடிட்டில் மாட்டுவார், அவரைக் குறை சொல்லி லாபமில்லை. அதனால்தான் நேராக உங்களிடமே வருகிறேன்.

இதை எழுத உட்கார வைத்தது ஒரு பாட்டி. ஓலைக் குடிசையில் அறுபது வருஷம் இருந்தவர், இப்போது அரசு உதவியோடு கான்கிரீட் வீடு கட்டிக் குடிவந்துவிட்டார். போன சித்திரையில் அந்தப் பக்கம் ஒரு வேலைக்குப் போனபோது பார்த்தால், புது வீட்டுக்குப் பக்கத்திலேயே நாலு மூங்கில் நட்டு, மேலே கீற்றுப் போட்டு, அதற்கடியில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கிறார். வீடு பூட்டியிருந்தது. "ஏனுங் ஆத்தா, உள்ள ஃபேன் இல்லையா" என்று கேட்டேன். "ஃபேனு அடுப்பு ஊதுற மாதிரி ஊதுது சாமி, ராத்திரி பத்து மணி வரைக்கும் மேல இருந்து சூடு எறங்குது, சாமானம் வெக்கத்தான் வீடு" என்றார். சாமான் வைக்க மூன்றரை லட்ச ரூபாய் வீடு, ஆள் படுக்க ஐந்நூறு ரூபாய் பந்தல்.

குடிசைக்கே திரும்பிப் போகலாம் என்று நான் சொல்ல வரவில்லை, தயவுசெய்து அப்படிப் படித்துவிடாதீர்கள். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கீற்று மாற்றி, ஐப்பசியில் பாத்திரம் வைத்து ஒழுகலைப் பிடித்து, பாம்புக்கும் பூரானுக்கும் பயந்து வாழ்ந்தவர்களுக்குத்தான் கான்கிரீட் கூரையின் அருமை தெரியும். குடிசையில் இருந்து வெளியே வந்தபோது ஒரு நல்ல விஷயத்தையும் சேர்த்து அங்கேயே விட்டுவிட்டு வந்தோம், அதை மட்டும் எடுத்து வரலாம் என்கிறேன். அது வெப்பக்காப்பு. ஓலைக்கும் வைக்கோலுக்கும் நாருக்கும் நடுவில் சிறைப்பட்டு நிற்கிற காற்றுதான் சூட்டைத் தடுக்கிறது, செடி அந்தக் காற்றைப் பிடித்து வைக்கிற கூடை, அவ்வளவுதான். கான்கிரீட்டில் அந்தக் கூடை இல்லை.

கணக்குக்கு வருகிறேன், உங்களிடம் பேசும்போது அது இல்லாமல் ஆகாது. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்கு ஆர்.சி.சி. கூரை. 300 சதுர அடி என்றால் 28 சதுர மீட்டர். ஸ்லாப் கனம் 12 சென்டிமீட்டர் என்று வைப்போம். கான்கிரீட்டின் வெப்பம் கடத்தும் எண் 1.58, இந்த எண் குறையக் குறையச் சூடு குறைவாக இறங்கும். மதியம் ரெண்டு மணிக்கு மொட்டை மாடித் தரை 60 டிகிரி, வீட்டுக்குள் 35 டிகிரி என்றால், கூரை வழியாக மட்டும் உள்ளே இறங்குகிற சூடு சுமார் 2,800 வாட். ஏறக்குறைய மூன்று அயர்ன் பாக்ஸைப் போட்டுவிட்டு அதற்கடியில் உட்கார்ந்து சாப்பிடுவது மாதிரி. அதே ஸ்லாப்போடு ரெண்டு அங்குல நார்ப் பலகை சேர்ந்தால் அந்த 2,800 என்பது 600-க்குள் வந்துவிடும். இது மோட்டாவான கணக்குதான், ஸ்லாப் பகலெல்லாம் சூட்டைக் குடித்துவிட்டு ராத்திரியில் கக்குவதை இதில் சேர்க்கவில்லை. அதையும் சேர்த்தால் பாட்டி சொன்ன பத்து மணிக் கதை வந்துவிடும்.

நார்ப் பலகைக்கு நான் எந்த எண்ணைப் போட்டேன் என்று கேட்பீர்கள். 0.05. அதுவும் பயந்து, ஈரம், அமுங்கல் எல்லாம் சேர்த்துக் கூட்டிப் போட்டது. இங்கேதான் எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 1987-ல் போட்ட எஸ்.பி. 41 கைப்புத்தகம் உங்கள் அலுவலக அலமாரியில் இருக்கும். அதில் கட்டடப் பொருட்களின் வெப்ப குணங்கள் என்று ஒரு அட்டவணை உண்டு. திறந்து பாருங்கள். கன மீட்டருக்கு 97 கிலோ அடர்த்தியுள்ள தென்னை நார்ப் பலகைக்கு 0.038 என்று போட்டிருக்கிறது. அதே அட்டவணையில் 16 கிலோ தெர்மாகோலுக்கும் 0.038-தான். நெல் உமி 0.051, சணல் நார் 0.067, தென்னை நார்த் துகளில் செய்த பலகை 0.060 என்று நம்மூர்ச் சரக்கு வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. ஆக, தேங்காய் நார் தெர்மாகோலுக்குச் சமம் என்று நான் புதிதாக எதையும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை, நாப்பது வருஷத்துக்குப் பக்கமாக அச்சில் இருக்கிறது. எண் இருக்கிறது, ரேட் இல்லை. அதுதான் பிரச்சினை.

இன்னொன்று. மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2018-ல் கொண்டுவந்த குடியிருப்புக் கட்டட விதிகளில், ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்று பெயர், கூரையின் யு மதிப்பு, அதாவது ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் சூடு இறங்குகிறது என்ற கணக்கு, 1.2-க்கு மேல் போகக் கூடாது. வெற்று ஸ்லாப் எவ்வளவு தெரியுமா, 3.5. மேலே சொன்ன நார்ப் பலகை போட்டால் 0.8-க்கு இறங்குகிறது, விதி கேட்பதைவிட நல்லது. ஆனால் அந்த விதி 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்குத்தான். ஏ.சி. மாட்டிக்கொள்ள வசதியுள்ள அப்பார்ட்மென்டுக்குக் கூரைச் சூட்டில் விதி உண்டு, ஏ.சி. பக்கமே போக முடியாத 360 சதுர அடிக்கு இல்லை. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று நம் அரசே அறிவித்தது, செத்தால் நாலு லட்சம் நிவாரணம். அந்தப் பேரிடர் பாதிக்குப் பாதி கூரை வழியாகத்தானே வீட்டுக்குள் வருகிறது?

சில அரசுக் கட்டடங்களில் வெள்ளைப் பூச்சு அடிக்கிறீர்கள், பார்த்தேன். நல்ல வேலை, நிறுத்த வேண்டாம். வெள்ளைப் பூச்சு வெயிலைத் திருப்பி அனுப்பும், நார் மீதியை வழிமறிக்கும், ரெண்டும் சேர்ந்தால்தான் அழகு. எங்கள் பக்கத்து மண்தூசியில் பூச்சு எத்தனை மாதம் வெள்ளையாக இருக்கும் என்பது மட்டும் தனிக் கதை.

சரக்குக்கு எங்கே போவது என்ற கேள்வியே வேண்டாம். பொள்ளாச்சி, ஆனைமலை, காங்கேயம், சிங்கம்புணரி, பேராவூரணி என்று எந்தப் பக்கம் போனாலும் நார் மில் இருக்கும், மில் வாசலில் மட்டை மலை இருக்கும். மட்டையை அடித்தால் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நார், மீதி துகள். நாரில் பெரும்பகுதி சீனாவுக்குக் கப்பல் ஏறுகிறது, துகள் கட்டியாகி ஐரோப்பியக் காய்கறிப் பண்ணைகளுக்கும் கொரியாவுக்கும் போகிறது. சீனாக்காரன் வாங்கினால் மில் ஓடும், வாங்காவிட்டால் நார் கட்டு கட்டாக மழையில் நனையும், கண்டெய்னர் வாடகை ஏறினால் எங்கள் ஊர் டீக்கடையில் முகங்கள் சுருங்கும். ஒரு கிலோ நாருக்கு ஏறக்குறைய பத்து மட்டை. 300 சதுர அடிக் கூரைக்கு ரெண்டு அங்குலம் என்றால் சுமார் 136 கிலோ நார், அதாவது ஏறக்குறைய ஆயிரத்து நானூறு மட்டை. ஏக்கருக்கு எழுபது மரம், மரத்துக்கு வருஷம் நூறு காய் என்று வைத்தால், ஒரு ஏக்கர் தோப்பு ஒரு வருஷத்தில் ஐந்து வீட்டுக் கூரையை மூடிவிடும். 2030-க்குள் எட்டு லட்சம் வீடு என்பது உங்கள் இலக்கு. எட்டு லட்சத்துக்கும் போட்டால் சுமார் ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் டன் நார். கோவையில் அரசே கயிறு வணிகத்துக்கென்று ஒரு நிறுவனம் வைத்து ஏற்றுமதிக்கு வழி தேடிக்கொண்டிருக்கிறது, வாங்குகிறவன் இங்கேயே, உங்கள் எஸ்டிமேட்டுக்குள்ளேயே இருக்கிறான் என்பது என் கட்சி.

நார்த்தொழில் ஒன்றும் பால் மாதிரி சுத்தமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மில்லுக்காரனிடம் காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறான் என்பீர்கள். துகள் மேட்டில் மழை பெய்து இறங்குகிற காப்பிக் கலர் தண்ணீர் எங்கள் கிணறுகளைக் கெடுத்திருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நார் மில்களை வெள்ளைப் பட்டியலில் இருந்து ஆரஞ்சுக்கு மாற்றியபோது ஊரில் பெரிய சண்டையே நடந்தது, எனக்கு அதில் வாரியத்தின் பக்கமும் கொஞ்சம் நியாயம் தெரிந்தது. ஷெட்யூலில் வரி கொடுக்கும்போது, துகளை ஒழுங்காகத் தளம் போட்டுக் கொட்டி வைக்கிற மில்லில் இருந்து மட்டுமே சரக்கு எடுக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் சேருங்கள். வாங்குகிறவன் கேட்டால் மில்லுக்காரன் செய்வான்.

இப்போது என் சொந்தக் கூத்து. ஆறு வருஷத்துக்கு முன்னால் என் கம்பிக் குடோனில், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு அடியில், நாரைச் சும்மா மூட்டையில் இருந்து உதறி, கீழே பிளைவுட் அடித்து, நடுவில் திணித்துவிட்டேன். முதல் கோடை சொர்க்கம். மதியம் அங்கேயே பாய் போட்டுத் தூங்கினேன். ஐப்பசி வந்தது, ஷீட் ஆணி ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி நார் ஊறிப் போனது, ஊறியது காயவே இல்லை, கார்த்திகையில் குடோன் முழுக்கப் பூசண வாடை. தை மாதத்தில் பிளைவுட்டைக் கழற்றினால் ஒரு எலிக் குடும்பம் பேரன் பேத்தியோடு குடியிருந்தது. நார் ஒரு மூலையில் அமுங்கி ஒதுங்கி, பாதி இடம் வெறும் ஷீட். என் மனைவி இன்றைக்கும் விருந்தாளிகளிடம் இதைச் சொல்லிச் சிரிப்பாள். தப்பு நார் மேல் இல்லை, என் மேல். உதிரி நாரைப் போட்டது ஒன்று, ஒழுகலைப் பார்க்காமல் மூடியது ஒன்று, காற்றுக்கு இடைவெளி விடாதது ஒன்று.

ரெண்டாவது தடவை ஊசியால் குத்திப் பின்னிய நார் விரிப்பு, மில்லில் ஃபெல்ட் என்பார்கள், அதை ரெண்டு மடிப்பாக வாங்கினேன். வெண்காரமும் போரிக் பவுடரும், கேரம் போர்டில் தூவுவோமே அதேதான், தண்ணீரில் கரைத்து, ஃபெல்ட்டை முக்கி எடுத்து மூன்று நாள் வெயிலில் காயப் போட்டேன். ஷீட் ஆணிகளை எல்லாம் வாஷர் மாற்றி அடைத்தேன். ஷீட்டுக்கும் ஃபெல்ட்டுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி, கீழே சிமென்ட் ஃபைபர் போர்டு, ரெண்டு முனையிலும் எலி நுழையாத கம்பி வலை. மூன்று மழைக்காலம் போய்விட்டது. போன மாதம்கூட ஒரு போர்டைக் கழற்றிப் பார்த்தேன், நார் காய்ந்து மொறமொறவென்று இருக்கிறது. கரையான் வரவில்லை. செடிநார்களிலேயே தென்னை நாரில்தான் லிக்னின் ரொம்ப அதிகம், பூசணத்துக்கும் பூச்சிக்கும் சீக்கிரம் இணங்காது, ஆனால் அதை மட்டும் நம்பி வெண்காரத்தை விட்டுவிடாதீர்கள். வெண்காரமும் தண்ணீரில் கரைந்து போகிற சாமான்தான், ஒழுகுகிற கூரைக்கு அது மருந்தாகாது.

நீங்கள் சொல்லப் போகிற முதல் ஆட்சேபணை எனக்குத் தெரியும். தீ. கூரையில் செடிப்பொருள் என்ற பேச்சை எடுத்தாலே நம் எல்லாருக்கும் கும்பகோணம்தான் ஞாபகம் வரும். 2004 ஜூலை 16, 94 குழந்தைகள். கீற்றுக் கொட்டகை சமையலறையில் பிடித்த தீ. அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றைப் பிடுங்கி எறிந்தீர்களே, அது சரியான முடிவு, அதில் ஒரு ஓலைகூடத் திரும்பி வரக் கூடாது. நார் தீப்பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெட்டிக்கடை வாசலில் ஒரு கயிறு தொங்குமே, பீடி பற்ற வைக்க, காலையில் நுனியில் வைத்த கங்கு சாயங்காலம் வரை கனன்றுகொண்டே இருக்கும். அதுதான் தென்னை நாரின் குணம். குபீரென்று எரியாது, ஆனால் உள்ளுக்குள்ளேயே புகைந்து நகரும். மூடிய இடத்தில் அது இன்னும் மோசம், வெளியே தெரியாது. அதனால்தான் போரிக் பவுடர் சேர வேண்டும், அது அந்தக் கனல் நகர்வதைத்தான் குறிப்பாகத் தடுக்கிறது. அதனால்தான் கீழே சிமென்ட் போர்டோ சுண்ணாம்புப் பூச்சோ கட்டாயம். வயர் நாருக்குள் ஓடக் கூடாது, ஓடினால் பைப்புக்குள் ஓட வேண்டும். விறகடுப்புக்கு நேர் மேலே நார் வேண்டவே வேண்டாம். இப்படிக் கறாராக எழுதுங்கள், நான் சந்தோஷப்படுவேன். கூடவே ஒன்று: தெர்மாகோல் பற்றினால் உருகிச் சொட்டும், கறுப்புப் புகை விடும், பாலியூரித்தேன் நுரை எரிந்தால் வருகிற புகையில் சயனைடு வாயு உண்டு. அவற்றைத் தாராளமாகப் போடுகிறோம். நாரை மட்டும் வாசலிலேயே நிறுத்தி அடையாள அட்டை கேட்கிறோம்.

நம் தாத்தாக்களுக்கு இது தெரிந்திருந்தது. பழைய ஓட்டு வீடுகளில் மச்சு பார்த்திருப்பீர்கள், பனஞ்சட்டம் பரப்பி மேலே மண் மெழுகியது. மேலே தீப்பிடித்தாலும் மண் தடுக்கும், வெயிலையும் தடுக்கும். வெளிநாட்டு உதாரணம் இல்லாமல் ஃபைல் நகராது என்றால் அதுவும் இருக்கிறது. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலம், ஆர்தர் என்கிற சின்ன ஊரில் 1928-ல் வைக்கோல் கட்டுகளை அடுக்கிப் பூசிக் கட்டிய தேவாலயம் இன்னும் நிற்கிறது. ஜெர்மனியில் மரநார்ப் பலகையை, குளிருக்கு மட்டுமில்லை, கோடைச் சூட்டைத் தாமதப்படுத்தவும் கூரையில் போடுகிறார்கள்.

சரி, எந்த இடத்தில் போடுவது? ஸ்லாப்புக்கு மேலே போடுவதுதான் அறிவியல்படி நல்லது, ஸ்லாப்பே சூடாகாது, வெடிப்பும் குறையும். ஆனால் மொட்டை மாடியில் பதிக்கிற தட்டோட்டுக்கு அடியில் நார் ஒருமுறை நனைந்தால் எடுத்துக் காயப் போட வழியில்லை, நம்மூர் வாட்டர்ப்ரூஃபிங் வேலையின் லட்சணம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் என் யோசனை, முதலில் கூரைக்கு அடியில் போடுங்கள். கழற்றிப் பார்க்கலாம், ஒழுகினால் தெரியும், கெட்டால் மாற்றலாம். ஸ்லாப்பின் ராத்திரிச் சூட்டையும் படுத்திருக்கிறவர் மேல் விழாமல் அது மறிக்கும். வீடுகளில் ஆரம்பிக்கவும் வேண்டாம். ஷீட் போட்ட அங்கன்வாடி, மழைக்குப் பயந்து ஷீட் இறக்கிய பள்ளி வராந்தா, இ-சேவை மையம், இப்படிப் பகலில் ஆள் இருக்கிற இடங்களில் ஒரு நூறு கட்டடம் செய்து பாருங்கள். பக்கத்திலேயே நார் போடாத இன்னொரு கட்டடத்தையும் வைத்து, ரெண்டிலும் தெர்மாமீட்டர் மாட்டுங்கள். ஜன்னல் இல்லாத அறையில் மட்டும் போடாதீர்கள். வெப்பக்காப்பு வெளிச்சூட்டை விடாது, அதே மாதிரி உள்ளே இருக்கிற சமையல் சூட்டையும் வெளியே விடாது. எதிரெதிர் ரெண்டு ஜன்னல் இருந்தால்தான் ராத்திரியில் காற்று வந்து அள்ளிக்கொண்டு போகும்.

தரம் பற்றியும் ஒரு வார்த்தை. நார்ப் பலகைக்கு ஐ.எஸ். 15491 என்று 2004-லேயே தரம் போட்டுவிட்டார்கள், ஆனால் அது கதவு, மேசைக்குப் பிளைவுட்டுக்குப் பதிலாகப் போடுகிற கெட்டிப் பலகை. கெட்டியானால் காற்று போய்விடும், காற்று போனால் காப்பும் போய்விடும். பெங்களூருவில் கயிறு வாரியத்தின் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, ஆலப்புழை களவூரில் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. கூரைக்கு ஏற்ற லேசான பலகைக்கு, கன மீட்டருக்கு நூறு கிலோ சுற்றுவட்டத்தில், தீச்சோதனையும் ஈரச்சோதனையும் செய்து தரச் சொல்லி அவர்களுக்கு நீங்கள் ஒரு கடிதம் போட்டால் வேலை நடக்கும். நான் போட்டால் நடக்காது, போட்டுப் பார்த்துவிட்டேன்.

புத்தகத்தை நம்ப வேண்டாம், என்னையும் நம்ப வேண்டாம். அடுத்த சித்திரையில், அக்னி நட்சத்திரத்தில், ஒரு மதியம் ரெண்டு மணிக்கு என் குடோனுக்கு வாருங்கள். நாரில்லாத பாதியையும் அப்படியே விட்டு வைத்திருக்கிறேன், நடுவில் ஒரு தட்டி மட்டும்தான். அந்தப் பக்கம் பத்து நிமிஷம், இந்தப் பக்கம் பத்து நிமிஷம் உட்காருங்கள். சாப்பாடு நான் போடுகிறேன், எந்தப் பக்கம் இலை போடுவது என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பொள்ளாச்சிப் பக்கத்து ஒரு சின்ன கான்ட்ராக்டர்